திங்கட்கிழமை பூட்டிய கேட்டும் செவ்வாய்க்கிழமை பார்த்த சீ ஹாரியரும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோவா கடற்படை விமான அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இதைப் பார்க்காமல் ஞாயிறு இரவு பெங்களூரில் ஸ்லீப்பர் பஸ் ஏறிய புத்திசாலி நான்தான். போகும் வழி, செலவு, பார்க்கும் நேரம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை.

கடைசி வரிசை, மேல் படுக்கை. ஜன்னல் பாதிக்கு மேல் மூடாது. ஏசி ஓட்டையை அடைக்க யாரோ பழைய போர்டிங் பாஸைத் திணித்து வைத்திருந்தார்கள். அதைத் தாண்டியும் தண்ணீர் சொட்டியது, சரியாக என் காதுக்குள். மலைப்பாதை இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் உருண்டுபோய்க் கம்பியில் முட்டினேன். ஆளுக்கு 1,400 ரூபாய் கொடுத்து வாங்கிய தண்டனை. கூட வந்த நண்பன் மட்டும் ஹூப்ளி தாண்டியதுகூடத் தெரியாமல் தூங்கினான்.

விடிந்ததும் கோவாவின் வாஸ்கோ நகரம். தூக்கம் கெட்ட ஆத்திரத்தில், பேரம் பேசாமல் ஒரு டாக்சியில் ஏறிவிட்டோம். சில கிலோமீட்டர்தான், 600 ரூபாய். கேட்டில் பூட்டு. "இன்னைக்கு லீவு சார், மண்டே" என்று டிரைவர் அமைதியாகச் சொன்னார். அதை ஏறும்போதே சொல்லியிருக்கலாம். திரும்பிப் போக இன்னொரு 600 கேட்டார்.

"டேய், கோவாவுக்கு வந்து ப்ளேன் பார்க்கணும்னு சொன்னப்பவே நான் யோசிச்சிருக்கணும்" என்றான் நண்பன். ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் கூடுதலாக ஒரு ராத்திரி, 1,100. பட்ஜெட்டுக்குச் சங்கு ஊதியாயிற்று.

ஆனால் அந்தத் திங்கட்கிழமையைக் காப்பாற்றியது ஒரு மீன் சாப்பாடு. வாஸ்கோ மார்க்கெட் சந்தில் நாலு மேஜை போட்ட கடை. புழுங்கலரிசிச் சோறு, தேங்காய் அரைத்த மஞ்சள் குழம்பில் கானாங்கெளுத்தி, அங்கே பாங்டா என்கிறார்கள். ரவையில் புரட்டிப் பொரித்த ஒரு துண்டு, காய்ந்த இறாலைத் தேங்காயோடு பிசறிய கிஸ்மூர், கடைசியில் இளஞ்சிவப்பாக ஒரு டம்ளர் சோல் கடி. 180 ரூபாய்தான். இரண்டாவது தடவை குழம்பு ஊற்ற வந்த அம்மாவைக் கும்பிடலாம் போலிருந்தது. மறுநாளும் அங்கேதான் சாப்பிட்டோம்.

செவ்வாய் காலை டாக்சியே வேண்டாம் என்று பைக் டாக்சி பிடித்தோம். கோவாவில் பைக் ஓட்டுகிறவருக்குப் பேரே 'பைலட்'தான், மஞ்சள் மட்கார்டைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம். கடற்படைப் பைலட்டுகளின் விமானத்தைப் பார்க்க ஆளுக்கொரு பைலட்டோடு போய் இறங்கினோம். உள்ளே போகும் டிக்கெட் அந்த பைக் சவாரியைவிட மலிவு.

இனி சீ ஹாரியர். நான் வந்ததே இதற்காகத்தான்.

விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து பறக்க பிரிட்டன் செய்த போர் விமானம். தன் நாட்டைத் தவிர இதை வாங்கிப் பறக்கவிட்ட ஒரே நாடு இந்தியா. பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்துப் போரில் பேர் வாங்கியதைப் பார்த்து வாங்கினோம் என்று பலர் நினைக்கிறார்கள், தப்பு. அந்தப் போர் 1982-இல், நாம் ஆர்டர் கொடுத்தது 1979-இல். 1983 டிசம்பரில் முதல் விமானங்கள் இங்கே பக்கத்திலிருக்கும் டாபோலிம் ஓடுதளத்தில் வந்து இறங்கின. பிரிட்டனுக்குப் போய் இதை ஓட்டப் பழகி வந்த முதல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அருண் பிரகாஷ், பின்னால் கடற்படைத் தளபதியே ஆனார்.

வயிற்றுக்குக் கீழே குனிந்து பாருங்கள், காவலர் ஒன்றும் சொல்லமாட்டார். பக்கத்துக்கு இரண்டாக நாலு குழல் வாய். முன்னால் இருக்கும் இரண்டும் விசிறிக் காற்றை ஊதும், பின்னால் இருக்கும் இரண்டும் எரிந்த சூட்டைக் கக்கும். நாலும் ஒன்றாகத் திரும்பும். கீழே திரும்பினால் நின்ற இடத்திலேயே இறங்கும், பின்னால் திரும்பினால் பாயும். சக்கரங்கள் சைக்கிள் மாதிரி நடுவில் ஒரே வரிசையில் இருக்கின்றன. சாய்ந்து விழாமலிருக்க இறக்கை ஓரத்தில் ஒல்லியாக இரண்டு குட்டிச் சக்கரம். குழந்தைகள் சைக்கிளில் மாட்டுவோமே, அப்படியே. பின் குழலை ஒட்டிய தகடு கறுத்து நெளிந்திருந்தது. சூடு பட்டதா, உப்புக்காற்று வேலையா, தெரியவில்லை. கையை வைத்துப் பார்த்தேன், வெயிலில் நன்றாகவே சுட்டது.

அங்கிருந்து நேராகச் சீ ஹாக்கிடம் போய் அதன் வாலடியைப் பாருங்கள். கொக்கி இருக்கும். ஹாரியருக்குக் கிடையாது. 1950-களின் விமானமான சீ ஹாக், கப்பல் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் கொக்கியை மாட்டித்தான் நிற்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே ஹாக்கர் கம்பெனிப் பிள்ளைகள். சீ ஹாக்கின் புகையும் வால் வழியாகப் போகாது, இறக்கை முடியும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டாகப் பிரிந்து வெளியேறும். குடும்ப ஜாடை!

சீ ஹாக்குக்காக 300-ஆம் படையணி, 'வெள்ளைப் புலிகள்', 1960-இல் தொடங்கியது பிரிட்டன் மண்ணில். அடுத்த வருஷம் மே மாதம் நம் விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்தின் தளத்தில் முதல் ஜெட்டை இறக்கியவர் தஹிலியானி, அவரும் பிறகு தளபதி ஆனார். 1971 போரில் விக்ராந்தின் ஒரு பாய்லர் விரிசல் விட்டுக் கிடந்தது, முழு வேகம் போக முடியாது. அந்தக் கப்பலிலிருந்துதான் டிசம்பர் 4-ஆம் தேதி சீ ஹாக்குகள் கிளம்பிப்போய், அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரை அடித்தன. அன்றும் அடுத்த நாட்களிலும் சிட்டகாங் துறைமுகத்தையும் விடவில்லை. இந்தக் கதையை நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தபோது நண்பன் மரத்தடியில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, திரும்ப ஹாரியருக்கு வருவோம். பிரிட்டன் 2006-இலேயே தன் சீ ஹாரியர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. தன்னிடம் மிஞ்சியதை நமக்கு விற்கவும் பார்த்தது, ஆனால் ரேடாரைக் கழற்றிவிட்டுத் தருவதாக. கண்ணில்லாத குதிரையை யார் வாங்குவார்கள்? வேண்டாம் என்றுவிட்டோம். கையில் இருந்ததற்கே இஸ்ரேல் ரேடாரும் டெர்பி ஏவுகணையும் பொருத்தி, பிறந்த வீட்டில் கைவிட்டதைப் புகுந்த வீட்டில் இன்னும் பத்து வருஷம் பறக்கவிட்டோம். 2016 மே மாதம் பக்கத்திலிருக்கும் ஹன்சா கடற்படை விமான தளத்தில்தான் வழியனுப்பினார்கள்.

இதைப் பெருமையாக மட்டும் எழுதினால் பொய். ஓட்டுவதற்குப் பொல்லாத விமானம் இது. வாங்கியதில் பாதிக்கு மேல் விபத்துகளில் போயிற்று, பைலட்டுகளும் போனார்கள். முன்னால் நின்று செல்ஃபி எடுக்கும் கூட்டத்துக்கு இதைச் சொல்ல ஒரு பெரிய பலகை வைத்தால் என்ன குறைந்துபோகும்? இருக்கிற பலகையில் நீளம், அகலம், எடைதான்.

இவை ஏறி இறங்கிய கப்பல் இரண்டும் இப்போது இல்லை. அந்தப் பழைய விக்ராந்தை 2014-இல் உடைத்தார்கள். அந்த இரும்பில் ஒரு பங்கை வாங்கி பஜாஜ் 'வி' என்று பைக்கே விட்டது. ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டனின் ஹெர்மீஸ் கப்பலாக இருந்து நம்மிடம் வந்த விராட், குஜராத்தின் அலங் கடற்கரையில் துண்டு துண்டாகப் போனது. ஏறிய கப்பல் போய், விமானம் மட்டும் வெயிலில் நிற்கிறது. மேலே ஒரு கூரையாவது போடக்கூடாதா?

உள்ளே இருக்கும் கப்பல் மாதிரிகளையும் ஆயுதங்களையும் அரைமணி நேரத்தில் பார்த்துவிடலாம். வெளியே வந்தால் சரிவில் கீழே போக்மாலோ கடற்கரை. "இதை முதல்லயே சொல்லியிருந்தா வாயைத் திறந்திருப்பேனா மச்சான்?" என்று நண்பன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அப்போதுதான் தலைக்கு மேல் காதைக் கிழிக்கும் சத்தம். மிக்-29கே. வெள்ளைப் புலிகள் படையணி இப்போது ஓட்டுவது இதைத்தான். ஃபோனை எடுத்து, லாக் திறந்து, கேமராவை அமுக்குவதற்குள் வெறும் வானம்தான் இருந்தது. அந்த வெறும் வானத்தை மூன்று படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

செலவுக் கணக்கு வேண்டுமென்பவர்களுக்கு: இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதில் அந்த டாக்சிக்குக் கொடுத்த 1,200-ஐ நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.