தஞ்சாவூருக்குப் போகாத வார இறுதி

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டுக்கு வருகிறவர்கள், போட்ட திட்டத்தில் பாதி மழையின் கையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டே வர வேண்டும். நாங்களும் தெரிந்துதான் வந்தோம். அம்மாவுக்கும் எனக்கும் ஒருசேர விடுப்பு கிடைத்தது அந்த ஒரு வார இறுதியில்தான் என்பதால், மலேசியாவின் கிள்ளானிலிருந்து புறப்பட்டு வெள்ளிக்கிழமை பிற்பகல் சென்னையில் இறங்கி, அன்றிரவே எழும்பூரில் ரயிலேறி, சனிக்கிழமை முழுவதும் தஞ்சாவூரில் இருந்துவிட்டு, ஞாயிறு இரவு விமானத்தில் ஊர் திரும்புவதாக ஏற்பாடு. டெல்டா மாவட்டங்களில் கொட்டிய மழையில் தண்டவாளத்தின் மேல் தண்ணீர் ஏறி, இரவு வண்டி ரத்தாகிவிட்டது என்ற குறுஞ்செய்தி நாங்கள் பெட்டிகளோடு பெரம்பூரில் மாமா வீட்டு வாசலில் நிற்கும்போது வந்தது.

இந்த நிலையில் அகப்படுகிறவர்களுக்கு முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வண்டி முழுவதுமாக ரத்தானால், இணையத்தில் எடுத்த பயணச்சீட்டுக்கான பணம், எந்தக் கணக்கிலிருந்து கட்டினோமோ அதற்கே தானாகத் திரும்பிவிடும். அவசரப்பட்டு நாமே முன்கூட்டி ரத்துச் செய்தால்தான் பிடித்தம் உண்டு. வண்டி ரத்தாகாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும், பயணம் செய்யாமல் முழுத் தொகையையும் திரும்பக் கேட்கலாம். ஆனால் வண்டி கிளம்புவதற்கு முன்பே அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும். அறை எடுத்திருந்த விடுதிக்கு அன்றிரவே தொலைபேசியில் பேசியதில், வேறொரு தேதிக்கு அதே தொகையை வைத்துக்கொள்ள அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். மழை பெய்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

அதன்பின் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வாடகைக் காரில் விடியற்காலையில் கிளம்பினால் 340 கிலோமீட்டரை மதியத்துக்குள் கடந்துவிடலாம் என்றார் ஒருவர். காஞ்சிபுரமும் மாமல்லபுரமும் பக்கத்தில்தானே இருக்கின்றன என்றார் இன்னொருவர். ரயில் போக முடியாத மழையில் எழுபது வயதைத் தாண்டிய அம்மாவைச் சாலை வழியே அழைத்துச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரத்தையும் வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு. அவை பல்லவர் ஊர்கள், பார்க்க வேண்டிய ஊர்கள். ஆனால் அம்மா கடல் தாண்டி வந்தது சோழர்களைப் பார்க்க. என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாகப்பட்டினம் சென்று, ரஜூலா கப்பலேறி, இன்று கிள்ளான் துறைமுகம் என்று அழைக்கப்படும் அன்றைய போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் இறங்கியவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இரவு நேரங்களில் அவர் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளெல்லாம் பெரிய கோயிலில் தொடங்கிப் பெரிய கோயிலில்தான் முடியுமாம். பயணம் கெட்டுப்போனால், அந்த ஊருக்குப் பதில் வேறெந்த ஊர் என்று தேடுவதைவிட, அந்த ஊரில் நாம் எதைப் பார்க்க நினைத்தோமோ அது கைக்கெட்டும் தூரத்தில் எங்கே இருக்கிறது என்று தேடுவதே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாமாதான் வழிகாட்டினார். “அக்கா, எழும்பூருக்குப் போகத்தானே கிளம்பினீங்க? அங்கேயே போவோம். தஞ்சாவூர் ஜில்லா சாமிங்க நிறைய பேர் பாந்தியன் ரோட்டுலதான் நிக்கிறாங்க” என்றார்.

அவர் சொன்னது, 1851இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை. அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சனியும் ஞாயிறும் திறந்திருக்கும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு நுழைவுக் கட்டணம் தனி. உள்ளே எவ்வளவோ இருக்கிறது: அமராவதித் தூபியின் சிற்பப் பலகைகள் இருக்கின்றன, ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த பழம்பொருள்கள் இருக்கின்றன. ஒரே நாளில் அனைத்தையும் பார்த்துவிட ஆசைப்படுவது நம் காலுக்கும் நல்லதல்ல, அந்தப் பொருள்களுக்கும் மரியாதையல்ல. நாங்கள் நேராக வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடத்துக்குப் போனோம். மாலை வரை அங்கேயே இருந்தோம்.

திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்தியாவுக்கு வராமலே, இந்தச் சிலையின் நிழற்படங்களை மட்டும் பார்த்து வியந்து கட்டுரை எழுதினார். அவருக்குப் படத்தில் மட்டும் கிடைத்ததை நாம் சுற்றி வந்து, முதுகுப்புறம் உட்படப் பார்க்க முடிகிறது. ஆனால் அம்மா அதிக நேரம் நின்றது திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால். வலப்பக்கத்துக்கு இரண்டு கைகள், இடப்பக்கத்துக்கு ஒரே கை. ஒரு பக்கம் தோள் அகன்று நேராக இறங்க, மறுபக்கம் இடை ஒடுங்கி இடுப்பு மெல்லப் புறம் தள்ளுகிறது. ஆடையும் ஒரு பக்கம் தொடையோடு நின்று, மறுபக்கம் கீழ்வரை இறங்குகிறது. இத்தனை வேறுபாடுகள் இருந்தும் இரண்டு உடல்கள் சேர்ந்த கோடு எங்கே என்று தேடினால் கண்ணுக்கு அகப்படவில்லை.

பிறகு அம்மா குனிந்து பீடங்களைப் பார்க்கத் தொடங்கினார். பல சிலைகளின் பீடங்களில் துளைகளும் வளையங்களும் இருக்கின்றன. அவை புறப்பாட்டின்போது கம்புகளைச் செருகிக் கட்டித் தோளில் தூக்குவதற்காக அமைக்கப்பட்டவை. இதை யாரும் அம்மாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில், உற்சவ மூர்த்தி அசையாமல் இருக்க எங்கே கயிறு கட்டுவார்கள், எத்தனை பேர் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று சிறு வயதில் தான் பார்த்ததையெல்லாம் எங்களுக்குச் சொன்னார். சில முகங்களில் மூக்கும் உதடும் வழவழவென்று தேய்ந்திருந்தன. நூற்றாண்டுக் கணக்கான அபிஷேகமும் துடைப்பும் அது. அந்தத் தேய்மானத்தைக் கையெட்டும் தூரத்தில் பார்க்க முடிந்ததே எங்களுக்கு அந்த வார இறுதியின் பெரும் பேறு. கோயிலில் அலங்காரத்துக்குள் இருக்கும் உற்சவரிடம் இதைப் பார்க்கவே முடியாது. இந்தச் சாமிகள் கோயிலில் இல்லையே என்ற வருத்தமும் அம்மாவுக்கு இருந்தது. அந்த வருத்தம் நியாயமானது, எனக்கும் இருக்கிறது.

ஒரு செய்தியை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அர்த்தநாரீசுவரரோடு அதே திருவெண்காட்டைச் சேர்ந்த ரிஷபவாகனர் இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது, எழும்பூரில் இருப்பவரையும் நாங்கள் பார்த்திருப்போம்.

சனிக்கிழமை மாலை மழை விட்டதும் மயிலாப்பூர் போனோம். மாட வீதிகளைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் அதை விடுகிறேன். கபாலீசுவரர் கோயிலில் பூம்பாவைக்குத் தனிச் சந்நிதி உண்டு. இறந்துபோன அவளை உயிரோடு எழுப்பச் சம்பந்தர் பாடிய பதிகத்தில் மயிலையின் திருவிழாக்களை மாதவாரியாகச் சொல்லிக்கொண்டு வரும்போது தைப்பூசத்தையும் சொல்கிறார். பத்துமலையில் ஆண்டுதோறும் கூடுகிற லட்சக்கணக்கானவர்களில் ஒருவராகவே தைப்பூசத்தை அறிந்த அம்மாவுக்கு, ஏழாம் நூற்றாண்டிலேயே இந்தக் கடற்கரை ஊரில் அது கொண்டாடப்பட்டது என்பது புதிய செய்தி. அன்றிரவு கிள்ளானில் இருக்கும் சித்திக்குத் தொலைபேசியில் அதைத்தான் முதலில் சொன்னார்.

ஞாயிறு காலை திருவொற்றியூர். சென்னைக்கு எத்தனையோ முறை வந்து போகும் மலேசியத் தமிழர்களில் பலர் இந்தக் கோயிலுக்குப் போனதில்லை என்பது எனக்கு ஆதங்கம். எழும்பூரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் போய், அங்கே நீல வழித்தடத்துக்கு மாறினால் திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கலாம். 2022இல் திறக்கப்பட்ட நிலையம் அது. மழைத் தண்ணீர் தேங்கிய தெருக்களுக்கு மேலே, நனையாமல், நெரிசலில் சிக்காமல் போய்ச் சேர்ந்தோம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

பெரும்பாலானவர்கள் தியாகராசரையும் வடிவுடையம்மனையும் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் தேடிச் சென்றது ஆதிபுரீசுவரர் கருவறையின் பின்புறத்தை. அதன் பின்சுவர் மூலை திரும்பாமல் வளைந்து செல்கிறது. படுத்துறங்கும் யானையின் முதுகுபோல் இருப்பதால் இவ்வகைக் கோயிலைத் தூங்கானை மாடம் என்பார்கள். இங்கிருந்த மடத்தின் தலைவரான சதுரானன பண்டிதரின் வேண்டுகோளின்படி இந்தக் கருங்கல் விமானத்தை எழுப்பியவன் முதலாம் இராசேந்திரன். கட்டிய தச்சனின் பெயரையும் கல்வெட்டு காப்பாற்றி வைத்திருக்கிறது: இரவி என்கிற வீரசோழத் தச்சன். அரசன் பெயர் மட்டுமே நிற்கும் கட்டடங்களுக்கிடையே, உளி பிடித்தவன் பெயரும் நிற்கும் கட்டடத்தை வணங்காமல் எப்படிப் போவது? அந்த வளைந்த சுவரையொட்டி அம்மா மெதுவாக நடந்து, எழுத்துகள் தெரிந்த இடங்களில் நின்று, புரிந்த சொற்களை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

இராசேந்திரன் என்றதும் மாமா கடாரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 1025 வாக்கில் அவன் கடற்படை சென்ற கடாரம் நம்முடைய கெடா மாநிலம்தான். ஸ்ரீவிசயம், இலங்காசோகம், கடாரம் என்று அவன் வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்லும் மெய்க்கீர்த்தி தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் வெட்டப்பட்டிருக்கிறது. “கடாரம் எப்படி இருக்கும்? நீங்க போயிருப்பீங்களே” என்று மாமா ஆவலாகக் கேட்டபோது, அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கெடாவில் பழங்கோயில்களின் அடித்தளங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கும், மெர்போக்கில் உள்ள அதன் அருங்காட்சியகமும் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு பகலில் போய்விடக்கூடியவை. நாங்கள் இன்னும் போனதில்லை.

தேரடியில் ஏறினால் அதே வண்டி வழித்தடம் மாறாமல் விமான நிலையம் வரை வருகிறது. ஆகவே பெட்டிகளை எடுக்க மாமா வீட்டுக்கு ஒருமுறை போய்வந்ததைத் தவிர, ஞாயிற்றுக்கிழமைப் பயணம் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தது. தஞ்சாவூர் விடுதியில் வைத்திருக்கும் அறையை மழை ஓய்ந்தபின், மாசி மாதத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறோம். அதற்கு முன் வருகிற பள்ளி விடுமுறையில் கெடாவுக்குப் போயாக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். தேதியை அவரே குறித்துவிட்டார். மாமாவுக்கும் பயண ஏற்பாடுகளை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.