லெட்டர் பாக்ஸ்ல அப்பா பேரு

ஆடிப் பண்டிகைக்கு லீவுல ஊருக்கு வந்திருக்கேன். சேலம் அம்மாபேட்டைல எங்க தெருவுல இப்பவும் தறிச் சத்தத்துலதான் காலைல முழிப்பு வருது, ஜெர்மனில படிக்கப் போய் பத்து மாசம் இந்தச் சத்தம் இல்லாம எப்படித் தூங்கினேன்னு தெரியல. வந்த நாள்ல இருந்து யாராச்சும் வந்து விசாரிச்சுட்டே இருக்காங்க. பின்னாடி தெரு சித்தியோட பையன் அடுத்த மாசம் ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்பறான், நேத்து சாயங்காலம் சித்தியும் அவனும் வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்து கேட்டுட்டுப் போனாங்க, அவன்கிட்ட சொன்னதையே இங்கயும் எழுதிடறேன், வேற யாருக்காவது உதவும். நம்ம மார்க்‌ஷீட்ட சரிபார்த்துத் தர்ற ஏபிஎஸ் சர்டிபிகேட், விசா, லோன் இதெல்லாம் சொல்றதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. இறங்கின அப்பறம் முதல் ரெண்டு மாசம் எப்படி ஓட்டறதுங்கறதத்தான் எனக்கு யாரும் சொல்லல.

நான் போனது டோர்ட்மண்ட். 2024 அக்டோபர் 2ஆம் தேதி சாயங்காலம் டுசல்டார்ஃப்ல இறங்கி அங்கிருந்து ரயில். ரூமுக்குப் போய்ச் சேர்ந்தப்ப ராத்திரி ஆயிடுச்சு, சரி காலைல கடைக்குப் போய் அரிசி பருப்பு வாங்கிக்கலாம்னு படுத்துட்டேன். அடுத்த நாள் அக்டோபர் 3, ரெண்டு ஜெர்மனியும் ஒண்ணா சேர்ந்த நாள், நாடு முழுக்க லீவு, கடை ஒண்ணு கூட இல்ல. ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான், சூப்பர் மார்க்கெட் எல்லாம் பூட்டிருவாங்க. பெரிய ரயில்வே ஸ்டேஷன்ல இருக்கற கடைங்க மட்டும் திறந்திருக்கும், அது எனக்கு அன்னைக்குத் தெரியல. அம்மா கட்டிக் கொடுத்த தட்டுவடையும் முறுக்கும்தான் அன்னைக்கு முழுக்கச் சாப்பாடு. குழாய்த் தண்ணிய அப்படியே குடிக்கலாம்னு கூடத் தெரியாம கெட்டில்ல கொதிக்க வெச்சு ஆற வெச்சுக் குடிச்சேன். மேட்டூர் தண்ணி வர்ற நாளுக்குக் குடத்த வரிசையா வெச்சுட்டுக் காத்திருந்து வளர்ந்தவ, எந்நேரமும் குழாய்ல நல்ல தண்ணி வரும்னு மனசு நம்பவே ஒரு வாரம் ஆச்சு. அதனால தேதி பார்த்து இறங்குங்க, சனிக்கிழமை ராத்திரியோ லீவுக்கு முன்னாடி நாளோ வேண்டாம். முடியலன்னா ரெண்டு நாளைக்குச் சாப்பாடு கையில இருக்கணும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். அங்க எல்லாமே அட்ரஸ்லதான் ஆரம்பிக்குது. குடி போன ரெண்டு வாரத்துக்குள்ள அந்த ஊர் ஆபீஸ்ல நான் இந்த அட்ரஸ்ல இருக்கேன்னு பதிவு பண்ணணும், ஆன்மெல்டுங்னு சொல்வாங்க. அதுக்கு வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட பேப்பர் ஒண்ணு வேணும். அந்தப் பதிவு இருந்தாத்தான் டாக்ஸ் நம்பர் வரும், என் பேங்க்லயும் அத கேட்டாங்க, விசா முடியறதுக்குள்ள ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு அப்ளை பண்றப்பவும் அதான் முதல் பேப்பர். நான் ஆன்லைன்ல பிடிச்ச முதல் ரூம் ஒரு மாசத்துக்குத்தான், அட்வான்ஸ் எல்லாம் வாங்கிட்டு, போன அப்பறம் அந்தப் பேப்பர் மட்டும் தர முடியாதுன்னுட்டாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்பறம் யூனிவர்சிட்டி நோட்டீஸ் போர்டு, தமிழ் பசங்க வாட்ஸப் குரூப்னு தேடித் தேடி நாலு பேர் சேர்ந்து இருக்கற வீட்டுல ஒரு ரூம் கிடைச்சுது. ரூம் பேசறப்ப வாடகை எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர் தருவீங்களான்னு கேளுங்க, எழுத்துல வாங்கிக்கங்க.

புது ரூமுக்குப் போய் பதிவும் பண்ணியாச்சு, பேங்க் அக்கவுண்ட்டும் அப்ளை பண்ணியாச்சு. கார்டு ஒரு கவர்ல வரும், பின் நம்பர் வேற ஒரு கவர்ல தனியா வரும்னு சொன்னாங்க. ஒரு வாரம் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு, ஒண்ணும் வரல. விசாவுக்காக ஒரு வருஷச் செலவுக் காச முன்னாடியே போட்டு வெக்கற பிளாக்டு அக்கவுண்ட்ல காசு கிடக்குது, நான் போட்டப்ப வருஷத்துக்கு 11,208 யூரோ, 2024 செப்டம்பர்ல இருந்து அது 11,904 ஆயிடுச்சு, நம்ம காசுக்குப் பத்து லட்சத்துக்கு மேல, அப்பா தறிய நம்பி வாங்கின லோன். அந்தக் காசு மாசா மாசம் அங்க இருக்கற அக்கவுண்ட்டுக்குத்தான் வரும், அக்கவுண்ட் ரெடி ஆகலன்னா கண்ணுல பார்க்கலாம், கையில வாங்க முடியாது. கொண்டு போன காசு கரைஞ்சுட்டே வருது. வீட்டுக்குச் சொல்லவும் மனசு வரல.

அப்ப ஒரு நாள் இலங்கைத் தமிழர் கடை ஒண்ணுக்குப் போனேன், டோர்ட்மண்ட்ல அவங்க கடை இருக்குன்னு ரூம்மேட் சொன்னா. உள்ள போனதுமே மிளகாத்தூள் வாசனை, எனக்கு லீ பஜாருக்குள்ள நுழைஞ்ச மாதிரி ஆயிடுச்சு, ரெண்டு நிமிஷம் சும்மா நின்னேன். கல்லால இருந்த அக்கா என் முகத்தப் பார்த்துட்டு "இந்தியாவோ பிள்ளை, புதுசா வந்தனீங்களோ"ன்னு கேட்டாங்க. தமிழ்ல யாரோ நேருக்கு நேர் பேசி மூணு வாரம் ஆயிருந்துச்சு, எல்லாத்தையும் கொட்டிட்டேன். கேட்டுட்டு அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "கடிதப் பெட்டியில பேர் ஒட்டினனீங்களோ?"

ஒட்டல. ஒட்டணும்னே தெரியாது. அங்க அபார்ட்மென்ட்ல நம்ம ஊர் மாதிரி கதவு நம்பர் பெரும்பாலும் கிடையாது, லெட்டர் பாக்ஸ்லயும் காலிங் பெல்லுலயும் குடும்பப் பேரு இருக்கும், தெரு நம்பரும் அந்தப் பேரும் பார்த்துத்தான் போஸ்ட் போடுவாங்க. பேர் இல்லன்னா ஆள் இல்லன்னு அர்த்தம், கவர் வந்த வழியே திரும்பிடும். எங்க தெருவுல அப்படியா, வீட்டு நம்பர் தப்பா இருந்தாலும் தறிக்கார ஆறுமுகம் வீடுன்னு போஸ்ட்மேன் கரெக்டா கொண்டு வந்து குடுத்துட்டு, தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போவார்.

அந்த அக்கா பில்லுப் பேப்பரத் திருப்பி "உங்கட பாஸ்போர்ட்டில கடைசிப் பேர் என்ன"ன்னு கேட்டாங்க. சர்நேம் இடத்துல எங்க அப்பா பேருதான் இருக்கு, நமக்கு ஏது குடும்பப் பேரு, இனிஷியல்தானே. ஆறுமுகம்னு சொன்னேன். பெரிய எழுத்துல எழுதி, மேல செலோடேப் ஒட்டி மழைல நனையாத மாதிரி பண்ணிக் கையில குடுத்தாங்க. "இங்க எங்களுக்கும் அப்பான்ர பேர்தான், பழகிடும்"னாங்க. அன்னைக்கே ஓடிப் போய் ஒட்டினேன். பேங்க்குக்குப் போன் பண்ணி மறுபடி அனுப்பச் சொல்லி, ஒன்பதாவது நாள் கார்டு வந்துச்சு, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு பின் வந்துச்சு.

அப்பவும் அந்தப் பேரு என் பேருன்னு மனசுல பதியல. நவம்பர்ல காய்ச்சல் வந்து டாக்டர்கிட்ட போனேன், வெயிட்டிங் ரூம்ல உக்காந்திருக்கேன், ஒரு அம்மா கதவத் திறந்து "ஃபிராவ் ஆறுமுகம்"னு கூப்பிடறாங்க, ஃபிராவ்னா திருமதி மாதிரி. எனக்கு அப்பா வந்திருக்காரோன்னு தோணிச்சு, காய்ச்சல் வேற, நிஜமாவே வாசப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மறுபடி கூப்பிட்டதும்தான் எந்திரிச்சேன். அன்னைக்கு ராத்திரி லெட்டர் பாக்ஸ போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் ஒண்ணும் பதில் போடல. இப்ப ஊருக்கு வந்து பார்த்தா தறி மேடைக்குப் பக்கத்துல அந்த போட்டோவ பிரிண்ட் எடுத்து ஒட்டி வெச்சிருக்கார்.

காசு விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். முதல் ஆறு வாரத்துக்கு ஆகற செலவு பிளாக்டு அக்கவுண்ட்டுக்கு வெளிய தனியா இருக்கணும், வாடகை, அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து. ஹெல்த் இன்சூரன்ஸ் மாசம் நூத்திச் சொச்சம் யூரோ, தவிர்க்க முடியாது. பதிவு பண்ணின கொஞ்ச நாள்ல டிவி ரேடியோ கட்டணம்னு மாசம் 18.36 யூரோவுக்கு ஒரு லெட்டர் வரும், ஏமாத்து வேலைன்னு கிழிச்சுப் போட்டுடாதீங்க, டிவி இல்லன்னாலும் கட்டணும், ஆனா வீட்டுக்கு ஒண்ணுதான், நாங்க நாலு பேர் பிரிச்சுக்கிட்டோம். தண்ணி பாட்டில், ஜூஸ் பாட்டில் பெரும்பாலும் 25 சென்ட் டெபாசிட், சூப்பர் மார்க்கெட் மெஷின்ல போட்டா திரும்ப வரும். என் யூனிவர்சிட்டில செமஸ்டர் ஃபீஸ்லயே ரயில் டிக்கெட் சேர்ந்திருக்கு, லோக்கல் ரயில், பஸ் எல்லாத்துலயும் போகலாம்.

அந்த டிக்கெட்டுலதான் ஹம் ஊருக்குப் போனேன், டோர்ட்மண்ட்ல இருந்து பக்கம்தான். அங்க இலங்கைத் தமிழர்கள் கட்டின காமாட்சி அம்மன் கோயில் இருக்கு, 2002ல கும்பாபிஷேகம் பண்ணினது, கோபுரத்தோட நிக்குது. டிசம்பர்ல போனேன், ஏற்காட்டுக்குப் போறதுக்குன்னு வாங்கின ஸ்வெட்டர்தான் போட்டிருந்தேன், அது அந்தக் குளிருக்குப் பத்தவே பத்தாது, அங்க போயே ஜாக்கெட் வாங்கிக்கங்க. நாலரை மணிக்கெல்லாம் இருட்டிடும், அந்த இருட்டுதான் குளிர விட கஷ்டம், மனசு ரொம்ப சோர்ந்து போயிடும். அந்த மாதிரி நாள்ல யார்கூடவாவது சேர்ந்து சமைச்சுச் சாப்பிடுங்க, ரூமுக்குள்ளயே கிடக்காதீங்க, இத நான் பட்டுச் சொல்றேன். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வெப்பாங்க, நமக்கும் அவங்களுக்கும் மூணரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆயிடும். நான் எப்பவும் அங்க ஆறு மணிக்கு, நம்ம ஊர்ல ஒன்பதரைக்குப் பேசுவேன். அன்னைக்கு வீட்டுல சொல்ல மறந்துட்டேன், அப்பா பத்தரை வரைக்கும் போன கையில வெச்சுட்டே உக்காந்திருந்தாராம். உங்க வீட்டுல முன்னாடியே சொல்லி வைங்க.

சித்தி நெய்யும் பால்கோவாவும் பொட்டில வெக்கறேன்னாங்க, பால் சம்பந்தப்பட்டது உள்ள கொண்டு போகக் கூடாதுன்னு சொல்லிட்டேன். மாம்பழமும் கேட்டாங்க, அதுக்கு 2019 டிசம்பர்ல இருந்து செடிநோய் இல்லன்னு சர்டிபிகேட் வேணும், மல்கோவாவ இங்கயே வயிறு நிறைய சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லிட்டேன். பருப்புப் பொடி, புளி, குக்கர், கூட ரெண்டு கேஸ்கட், இது போதும்.

அவங்க கிளம்பறப்ப தம்பியோட பாஸ்போர்ட்ட வாங்கிப் பார்த்தேன், சர்நேம் இடத்துல சித்தப்பா பேரு. பெரிய எழுத்துல நாலு காப்பி பிரிண்ட் எடுத்து, லெட்டர் பாக்ஸுக்கு ஒண்ணு, பெல்லுக்கு ஒண்ணுன்னு சொல்லி, ஒரு செலோடேப்பும் சேர்த்துக் குடுத்து அனுப்பியிருக்கேன்.