மணல் மூடிய தலக்காடு: அலமேலம்மாவின் சாபமும் வைத்தியநாதரின் சந்நிதியும்

"தலகாடு மரளாகலி, மாலங்கி மடுவாகலி, மைசூரு தொரெகெ மக்களாகதெ ஹோகலி." தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசருக்குப் பிள்ளையில்லாமல் போகட்டும். காவிரியில் குதிக்கும் முன், ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஆண்டவரின் மனைவி அலமேலம்மா இட்ட சாபம் இது. மைசூர்ப் பக்கத்தில் இன்றும் பலருக்கு மனப்பாடம். தலக்காட்டுக்குப் போகும் நம் ஊர் யாத்திரிகர்களில் பெரும்பாலோர் சாபக் கதையைக் கேட்டு, மணலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே மூலவராக இருப்பவர் வைத்தியநாதர். நோய் தீர்க்கும் ஈசனின் ஊரில்தான் இந்தச் சாபம் விழுந்தது. அந்த நினைப்போடு போனால் இந்த யாத்திரையே வேறு மாதிரி அமையும்.

தலக்காடு மைசூரிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர், பெங்களூரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். மைசூரிலிருந்து திருமகூடலு நரசீபுரம் போய் அங்கே வண்டி மாறுவது எளிது. நரசீபுரத்தில் கபினி காவிரியோடு சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஸ்படிக சரோவரத்தையும் சேர்த்துத் திரிவேணி என்கிறார்கள். அங்கிருந்து கீழே வந்ததும் காவிரி பெரிதாக வளைந்து திரும்புகிறது. அந்த வளைவின் கரையில்தான் தலக்காடு இருக்கிறது. மாலங்கி எதிர்க்கரையில் உள்ள ஊர்.

நேரம் இருப்பவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்குவது நல்லது. கதை தொடங்குவதும் அங்கேதான். விஜயநகரப் பேரரசின் பிரதிநிதியாக அங்கே ஆண்ட திருமலராயருக்கு ராஜபிளவை என்னும் கொடிய கட்டி கண்டது. மருந்துக்குக் கட்டுப்படவில்லை. வைத்தியநாதரிடம் வேண்டிக்கொள்ளத் தலக்காட்டுக்கு வந்தார். அவர் உயிர் பிரியும் நிலையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு மனைவி அலமேலம்மாவும் புறப்பட்டு வந்தார். 1610-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் மைசூர் அரசர் ராஜ உடையார் வசமானது. திருமலராயர் தலக்காட்டிலேயே இறந்தார்.

அலமேலம்மாவிடம் விலைமதிப்பற்ற நகைகள் இருந்தன. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் ஸ்ரீரங்கப்பட்டணம் ரங்கநாயகித் தாயாருக்கு அவற்றைத்தான் சாற்றுவார்கள். தாயாருக்கு உரிய நகை என்று ராஜ உடையார் ஆளனுப்பிக் கேட்டார். அலமேலம்மா முத்து பதித்த மூக்குத்தியை மட்டும் கொடுத்தனுப்பினார். மற்றவற்றுக்காகப் படை வந்தபோது, நகைகளை மடியில் கட்டிக்கொண்டு மாலங்கிக்கு எதிரே ஆற்றில் இறங்கிவிட்டார். அந்த மூக்குத்தி இன்னும் கோயிலில் இருப்பதாகச் சொல்கிறார்கள். நகை கோயிலுடையதா, அந்த அம்மாளுடையதா என்று கதைக்குக் கதை மாறும். எப்படிச் சொன்னாலும், கணவரை இழந்து நின்ற ஒரு பெண்ணின் மடியிலிருந்து அதைப் பிடுங்கப் படை அனுப்பியது தவறு என்பதில் மட்டும் எந்தக் கதையும் மாறுவதில்லை. மைசூர் அரண்மனையே அப்படித்தான் எடுத்துக்கொண்டது. ராஜ உடையார் அலமேலம்மாவுக்கு உருவம் செய்து வழிபடத் தொடங்கினார். நவராத்திரிக் காலத்தில் அரண்மனையில் அந்த அம்மாளுக்கு நடக்கும் பூஜை தொடர்ந்து வருகிறது. சாபமிட்டவளையே குலத்தில் தெய்வமாக ஏற்றுக்கொள்வது நம் கிராமங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். அநியாயமாகச் செத்த பெண்ணுக்குப் படையல் போட்டு, அம்மன் என்று கும்பிடாத ஊர் நம் பக்கத்தில் உண்டா?

இனி கோயில்கள். முதலில் வைத்தியநாதேசுவரர். கருங்கல் திருப்பணி, கங்கர் காலத்தில் தொடங்கிப் பிற்காலத்தவர் பலர் கை வைத்தது. வாசலில் ஆளைவிட உயரமான துவாரபாலகர்கள். தலை நிமிர்ந்து கூரையின் மூலையைப் பாருங்கள்: ஒரே கல்லில் குடைந்த சங்கிலி வளையங்கள் தொங்குகின்றன. அவசரமாகப் போகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

தலபுராணத்தையும் இங்கேயே நின்று நினைத்துக்கொள்வது நல்லது. யானைகள் ஒரு மரத்தைப் பூஜிப்பதை தலா, காடா என்ற இரு வேடர்கள் பார்த்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கோடாலியால் வெட்டினார்கள். ரத்தம் பீறிட்டது. அந்த மரத்தின் இலையையும் காயையும் காயத்தில் வைத்துக் கட்டு என்று அசரீரி கேட்டது. கட்டியதும் காயம் ஆறி, ரத்தம் பாலானது. அதைக் குடித்த வேடர்கள் முக்தி பெற்றார்கள். தன் காயத்துக்குத் தானே மருந்து சொன்ன ஈசன் என்பதால் வைத்தியநாதர். வெட்டியவனையும் தண்டிக்காமல் மருந்து கட்டச் சொல்லி, மோட்சமும் கொடுத்த சாமி இவர். நோய்க்காக வேண்டிக்கொள்பவர்கள் சங்கல்பம் செய்து அர்ச்சனை செய்யும் இடமும் இதுதான். பெயரும் நட்சத்திரமும் நோயாளியுடையதாக இருக்கட்டும். வந்தவர் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு திருத்துவது அடிக்கடி நடக்கிறது.

இதை அடுத்துத்தான் மணல். செருப்பை வைத்தியநாதர் கோயிலருகே விட்டுவிட்டு நடக்க வேண்டும். பாதாளேசுவரர், மருளேசுவரர், கீர்த்திநாராயணர் மூன்று சந்நிதிகளும் மணல்மேட்டுக்குள்தான் இருக்கின்றன. சுற்றி வர ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் ஆகும். தூரம் பெரிதில்லை, மணலில் கால் புதைந்து புதைந்து நடப்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்கு அது இரண்டு மடங்காகத் தெரியும். காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு வெறுங்காலில் நடப்பது கொடுமை. மதியம் நடையும் சாத்தியிருக்கும். பங்குனி, சித்திரையில் போகிறவர்கள் கெட்டியான காலுறை ஒன்று கொண்டுபோவது நல்லது. குடிதண்ணீரைக் கையிலேயே வைத்திருங்கள்.

பாதாளேசுவரரும் மருளேசுவரரும் மணல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறார்கள். சுற்றிலும் மணல் மேடு, நடுவில் பள்ளத்தில் கோயில். படி இறங்கித்தான் தரிசனம். பாதாளேசுவர லிங்கம் காலையில் செம்மையாகவும் உச்சியில் கருமையாகவும் மாலையில் வெண்மையாகவும் தெரியும் என்பார்கள். ஒரு தடவை உள்ளே போய் நிறம் மாறுகிறதா என்று அர்ச்சகரை நச்சரிப்பதில் பயனில்லை. அன்று முழுவதும் ஊரில் இருந்து மூன்று வேளையும் போய்ப் பார்ப்பவருக்குத்தான் அது.

கீர்த்திநாராயணர் கோயிலில் நம்மவர்கள் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். தலக்காடு கங்கர்களின் தலைநகர். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் பிடித்து, ராஜராஜபுரம் என்று பெயரிட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டார்கள். ஹொய்சள விஷ்ணுவர்த்தனர் சோழரின் அதிகாரியான அதியமானை வென்று ஊரைப் பிடித்தார். வெற்றியின் நினைவாக 1117-ல் இந்தப் பெருமாளைப் பிரதிஷ்டை செய்தார். 'தலக்காடு கொண்ட' என்பது அவர் சூடிக்கொண்ட பட்டம். பேலூர், மேல்கோட்டை, தொண்டனூர், கதக் தலங்களோடு சேர்த்து பஞ்ச நாராயணத் தலங்களில் ஒன்றாக இதை எண்ணுகிறார்கள். ஊரின் பழைய கற்களில் தமிழ், கிரந்த எழுத்துகள் இருப்பதற்குக் காரணம் இந்தச் சோழ நூற்றாண்டுதான்.

மணல் எப்படி வந்தது? சாபத்தை நம்புகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ளலாம்; பக்திக்கு அதனால் ஒன்றும் குறையாது. 14ஆம் நூற்றாண்டில் விஜயநகர அதிகாரியான மாதவ மந்திரி இங்கே காவிரிக்குக் குறுக்கே ஓர் அணை கட்டினார். வயலுக்குத் தண்ணீர் கிடைத்தது. ஆற்றில் ஓட்டம் குறைந்து வளைவில் மணல் வெளியே தெரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்று ஆண்டுதோறும் அந்த மணலை ஊர்ப்பக்கம் வாரியடித்தது. 19ஆம் நூற்றாண்டில் மணல் வருடத்துக்கு 9, 10 அடி முன்னேறியதாகப் பதிவு இருக்கிறது. வீடுகளை விட்டுவிட்டு ஜனங்கள் உள்ளே உள்ளே தள்ளிக் குடியேறினார்கள். ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்கு மணல்மேடு. முப்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் அதன் கீழே போயின.

ஒரே ராத்திரியில் ஊர் மூடிப்போனதாகச் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. அப்படியில்லை. மணலிலிருந்து எடுத்த கௌரிசங்கரர் கோயிலின் கல்வெட்டு, அது சிக்கதேவராஜ உடையார் காலத்தில் கட்டப்பட்டதாகச் சொல்கிறது. அவர் ஆண்டது 1672 முதல் 1704 வரை. அலமேலம்மா ஆற்றில் இறங்கி அறுபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் இங்கே புதுக்கோயில் எழும்பியிருக்கிறது. பிறகு அதுவும் மணலுக்குள் போயிருக்கிறது. எழுப்பியது சாபம் வாங்கிய அதே வம்சம்.

அரசருக்குப் பிள்ளையில்லாமல் போகட்டும் என்ற மூன்றாவது சாபத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் சாமராஜேந்திரரைத் தத்தெடுத்தார். சாமராஜேந்திரருக்கு மகன் பிறந்தார்: நான்காம் கிருஷ்ணராஜர். அவருக்குப் பிள்ளையில்லை, 1940-ல் தம்பி மகன் ஜயசாமராஜர் பட்டத்துக்கு வந்தார். அவருக்கு மகன் ஸ்ரீகண்டதத்தர். அவர் பிள்ளையில்லாமல் 2013-ல் காலமானார். 2015-ல் யதுவீரரைத் தத்தெடுத்தார்கள். 2017 டிசம்பரில் யதுவீரருக்கு ஆண் குழந்தை பிறந்ததும் '400 ஆண்டுச் சாபம் தீர்ந்தது' என்று எழுதினார்கள். வரிசையை இன்னொரு முறை பாருங்கள். தத்து வந்தவருக்குப் பிள்ளை பிறப்பதும், பிறந்த பிள்ளைக்கு வாரிசு இல்லாமல் போவதும்தானே இத்தனை தலைமுறையாக நடந்தது? அந்தக் குழந்தை வளர்ந்து குடும்பம் நடத்தும்போதுதான் தீர்ந்ததா என்று பேச முடியும். அதுவரை அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று வைத்தியநாதரிடம் ஒரு வார்த்தை நாமும் வேண்டிக்கொள்வோம்.

பஞ்சலிங்க தரிசனம் என்ற பெரிய விழா கார்த்திகை மாதத்துச் சோமவார அமாவாசை கூடிவரும் ஆண்டில்தான் நடக்கும். 2009, 2013, 2020 ஆண்டுகளில் நடந்தது. முறைப்படி செய்வதானால் தலக்காட்டிலுள்ள கோகர்ண தீர்த்தத்தில் நீராடி, கோகர்ணேசுவரரையும் சண்டிகாதேவியையும் தொழுது வைத்தியநாதரிடம் வர வேண்டும். பிறகு காவிரியின் வடக்கு ஓட்டத்தில் நீராடி அர்க்கேசுவரர், திரும்ப வைத்தியநாதர். கிழக்கு ஓட்டம், பாதாளேசுவரர்; திரும்ப வைத்தியநாதர். தெற்கில் மருளேசுவரர், மேற்கில் முடுகுதொரே மல்லிகார்ஜுனர்; ஒவ்வொன்றுக்கும் பிறகு வைத்தியநாதரிடம் வந்தே ஆக வேண்டும். முடிவில் கீர்த்திநாராயணர். எல்லாம் ஒரே நாளில். விழாக் கூட்டத்தில் இந்த வரிசையைக் காப்பாற்றுவது கடினம். வயதானவர்களை அழைத்துச் செல்கிறவர்கள் சாதாரண சோமவாரம் ஒன்றில் செய்வதே மேல். அர்க்கேசுவரரும் மல்லிகார்ஜுனரும் ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்கள். மல்லிகார்ஜுனர் குன்றின் மேல். ஆட்டோவை இரண்டுக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். மணல் கோயில்களை முதலில் பார்த்து நேரம் போய்விட்டால் குன்றுக் கோயில் நடை சாத்தியிருக்கும். இங்கே பலரும் ஏமாறுவது அதில்தான்.

ஆற்றில் இறங்கும்போது மிகுந்த கவனம் தேவை. மாலங்கி மடு வெறும் கதையில்லை. வளைவின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் கரையை அரித்து ஆழம் பறிக்கும். உள்பக்கத்தில் மணலைத் தள்ளும். முழங்கால் அளவு என்று நடந்துபோனவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் ஆழத்தில் இருப்பார். ஆனி முதல் ஆவணி வரை இன்னும் மோசம். வயநாட்டு மழையில் கபினி அணை சீக்கிரம் நிரம்பிவிடும். கிருஷ்ணராஜசாகரில் திறப்பதும் கபினியில் திறப்பதும் நரசீபுரத்தில் ஒன்றாகி இங்கே வருகின்றன. தலக்காட்டில் மழையே இல்லாமலும் வெள்ளம் ஏறும். மேட்டூருக்கு வரும் தண்ணீர் இந்த வழியாகத்தான் வருகிறது. மேட்டூருக்கு நீர்வரத்து கூடியிருக்கிறது என்று செய்தியில் கேட்டால் தலக்காட்டில் ஆற்றில் இறங்க வேண்டாம். தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். கரையில் எழுதி வைத்திருக்கும் எச்சரிக்கையை மீறிக் குழந்தைகளை இறக்காதீர்கள். மஞ்சள், குங்குமம், பூ விடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடுத்திய துணியை ஆற்றில் விடும் பழக்கம் இந்த ஊருக்கு வேண்டாம்.

பெருமாள் பக்தர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவனசமுத்திரம் மத்தியரங்கம், நம் ஸ்ரீரங்கம் அந்தியரங்கம். முதல் இரண்டுக்கும் நடுவே, அதே காவிரிக் கரையில் தலக்காடு இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காலை தரிசனத்தோடு தொடங்கினால் தலக்காட்டுக்கு வரும்போது மணல் சுட ஆரம்பித்திருக்கும். அதனால் முதல் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் பார்த்து மைசூரில் தங்கி, மறுநாள் விடிவதற்குள் தலக்காட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். ஐந்து லிங்கமும் கீர்த்திநாராயணரும் மதியத்துக்குள் முடிந்தால், மாலை நடை திறக்கும் நேரத்துக்கு சிவனசமுத்திரம் மத்தியரங்கநாதரிடம் போய்விடலாம்.