பழைய காபி ரோஸ்டரைத் தேற்றி எடுத்த அனுபவம்

பழைய ரோஸ்டர் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். கொட்டையைப் போட்டுச் சுற்றவிட்டு வறுக்கும் டிரம் ஆட்டமில்லாமல் சுற்றுகிறதா, அதன் முன்பக்கத்தை மூடும் வார்ப்பிரும்பு முன்தட்டில் விரிசல் இருக்கிறதா, இந்த இரண்டை மட்டும் நன்றாகப் பாருங்கள். மோட்டார் எரிந்திருக்கட்டும், பர்னர் துருப்பிடித்திருக்கட்டும், வறுத்த கொட்டையை ஆறவைக்கும் கூலிங் ட்ரே ஓட்டையாகவே இருக்கட்டும். அதையெல்லாம் கிருஷ்ணகிரியிலேயே செய்துகொள்ளலாம். டிரம்மும் முன்தட்டும் போய்விட்டால் அந்த மெஷினை இரும்பு விலைக்குத்தான் போட வேண்டியிருக்கும்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். அதை விட்டுவிட்டு சொந்த ஊரான கிருஷ்ணகிரியில் காபித்தூள் கடை போடுவது என்று நானும் மனைவியும் முடிவெடுத்தோம். பேரிங், பெல்ட், மோட்டார் எல்லாம் பழகிய விஷயம். வறுவலைத்தான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. காபி வாரியம் பெங்களூரில் நடத்தும் ‘காப்பி சாஸ்த்ரா’ பயிற்சிக்குப் போய் வந்தேன். இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள், குறிப்பாக நம் பக்கத்துக்காரர்கள், அதைத் தவறவிடக் கூடாது. பெங்களூர் நமக்கு இரண்டு மணி நேரம்தானே.

கையிலிருந்த பணத்துக்குக் கிடைத்த புது மெஷின்களில் தகடு மெல்லிசாக இருந்தது. அதில் பச்சைக் கொட்டையைப் போட்டதும் சூடு சட்டென்று இறங்கிவிடும், மறுபடி ஏற்றுவதற்குள் நேரம் போய்விடும். பழைய மெஷினில் வார்ப்பிரும்பு கனமாக இருப்பதால் சூடு நிற்கும். பழசைத் தேடியதற்கு விலையை விட இதுதான் பெரிய காரணம். வங்கியில் புது மெஷினுக்குக் கொட்டேஷன் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார்கள், பழையதற்குக் கடன் பேச்சே எடுபடவில்லை. நகையை வைத்துத்தான் வாங்கினோம்.

சேலம் பக்கம் மூடிவிட்ட ஒரு காபிக் கடையில் இந்த ரோஸ்டர் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு தடவை வறுக்க, 15 கிலோ பிடிக்கும் டிரம். விறகில் ஓடிக்கொண்டிருந்ததை இடையில் டீசல் பர்னருக்கு மாற்றியிருக்கிறார்கள். விற்றவர் மோட்டாரைப் போட்டுக் காட்டினார், நன்றாகத்தான் சுற்றியது. ஆனால் வெறும் கண்ணில் பார்த்தால் எல்லா டிரம்மும் நேராகத்தான் சுற்றும். நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜும், அதைப் பிடித்து நிறுத்தக் காந்த ஸ்டாண்டும் கொண்டு போயிருந்தேன். ஸ்டாண்டைச் சட்டத்தில் ஒட்டவைத்து, முள்ளை டிரம் விளிம்பில் தொடவிட்டு, கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டருக்குள்தான் ஆட்டம். அத்தனை வருடம் நெருப்பைத் தின்ற டிரம்முக்கு அது அருமையான கணக்கு.

முன்தட்டுக்கு மண்ணெண்ணெய் சோதனை. பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வயர் பிரஷ்ஷால் தட்டைத் தேய்த்து, மண்ணெண்ணெயைத் தடவிக் கொஞ்ச நேரம் விட வேண்டும். பிறகு துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூளைப் பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைப் பூச்சில் முடி போல ஒரு கறுப்புக் கோடு தெரியும். கதவுக் கீலுக்குப் பக்கத்திலும், மாதிரி எடுக்கும் குழாய் நுழையும் துளையைச் சுற்றியும்தான் வழக்கமாக விரியும். அந்த இடங்களில் தட்டு வெள்ளையாகவே இருந்தது. வார்ப்பிரும்பை வெல்டிங் வைப்பது சுலபமில்லை. நிக்கல் ராடு போட்டு ஒட்டினாலும், தினமும் சூடாகி ஆறும் இடத்தில் மறுபடி விட்டுவிடும். கோடு தெரிந்திருந்தால் பேரமே பேசாமல் திரும்பியிருப்பேன்.

டாடா ஏஸில் ஏற்றி, தொப்பூர் ஏற்றத்தில் மெதுவாக உருட்டி, இரவோடு இரவாக வீடு கொண்டு வந்து சேர்த்தோம்.

பிரித்துப் பார்த்தபோது புகைக்குழாயில் பாதி அடைந்திருந்தது. வறுக்கும்போது கொட்டையிலிருந்து கிளம்பும் எண்ணெய்ப் பசையும் புகையும் குழாய்ச் சுவரில் படிந்து தார் மாதிரி இறுகிவிடும். அதன்மேல் கொட்டையின் மெல்லிய தோல் ஒட்டிக்கொள்ளும். ஒரு பொறி போதும், குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். காபி வறுக்கும் இடங்களில் தீ விபத்துக்கு முக்கியமான காரணம் இந்தப் படிவுதான். பழைய மெஷின் வாங்குபவர்கள் முதலில் இதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது.

குழாயைச் சுத்தம் செய்யவும், புது கூலிங் ட்ரே செய்யவும் நான் போனது, மாம்பழக் கூழ் ஆலைகளுக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தொட்டி செய்யும் ஒருவரிடம். நம் மாவட்டத்தில் கூழ் ஆலைகள் நிறைய இருப்பதால், உணவுக்கு ஏற்ற மாதிரி எஸ்.எஸ். வெல்டிங் வைத்து உள்பக்கம் வழவழவென்று பாலிஷ் போடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். பல ஊர்களில் இந்த வேலைக்கு ஆள் தேடி அலைய வேண்டும். ஆனால் நான் போனது மே மாதம். "மாம்பழ சீசன்ல என்னைக் கூப்பிடாதீங்க தம்பி, ராத்திரி பகலா ஆலையிலதான் கிடப்பேன். ஆடி பொறந்ததும் வாங்க, உங்க வேலையை முடிச்சுட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன்" என்றார். சொன்னபடியே செய்தார். குழாய்த் துண்டுகளைக் கொதிக்கும் காஸ்டிக் சோடா தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தார் முழுவதையும் பாளம் பாளமாக உரித்து எடுத்தார். காஸ்டிக் கையில் பட்டால் வெந்துவிடும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் முயல வேண்டாம்.

காத்திருந்த மாதங்களில் டிரம் வேலையைப் பார்த்தேன். "சூடானதும் டிரம் கொஞ்சம் இறுகும், அது இந்த மெஷினோட குணம்" என்று விற்றவர் சொல்லியிருந்தார். எந்த மெஷினுக்கும் அப்படி ஒரு குணம் கிடையாது, காரணம்தான் இருக்கும். முன்பக்கப் பேரிங்கைக் கழற்றித் துடைத்துப் பார்த்ததும் விஷயம் தெரிந்தது. பேரிங் எண் 6206 என்று மட்டும் போட்டிருந்தது, பின்னால் சி3 என்ற குறி இல்லை. சாதாரணப் பேரிங்கில் குண்டுகளுக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. ஷாஃப்ட் சூட்டில் பருக்கும்போது உள்வளையமும் விரிந்து, அந்த இடைவெளி தீர்ந்து குண்டு இறுகிவிடும். சி3 பேரிங்கில் அதற்கென்றே கூடுதல் இடைவெளி விட்டிருப்பார்கள். அதோடு, யாரோ ரப்பர் மூடி வைத்த பேரிங்கைப் போட்டிருந்தார்கள். 100 டிகிரியைத் தாண்டினால் அந்த ரப்பர் நெடுநாள் தாங்காது. மூடியில்லாத சி3 பேரிங்கும் அதிகச் சூடு தாங்கும் கிரீஸும் போட்ட பிறகு டிரம் ஒருமுறைகூட இறுகவில்லை.

டிரம்முக்கும் முன்தட்டுக்கும் உள்ள இடைவெளி விஷயமும் இதே மாதிரிதான். இரும்பு ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு 12 மைக்ரான் நீளும். என் டிரம் 45 சென்டிமீட்டர். 200 டிகிரி ஏறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலேயே நீண்டுவிடும். வெளிக்கூடும் நீளும்தான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. குளிர்ந்திருக்கும்போது நெருக்கி வைத்தால் சூட்டில் தட்டில் உரசும். அதிகம் விட்டால் உடைந்த கொட்டை அந்தச் சந்தில் சிக்கிக் கருகி, ஈடு முழுவதிலும் கருகல் வாசம் ஏறும். சந்தை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை வைத்து 1.5 மில்லிமீட்டரில் நிறுத்தினேன். சூடேற்றி மறுபடி அளந்து பார்த்து, ஷிம் என்கிற மெல்லிய தகட்டை இடையில் கொடுத்துச் சரி செய்தேன். இந்த மெஷினில் நான் ரசித்துச் செய்த வேலை இதுதான்.

கூலிங் ட்ரேயின் ப்ளோயர் காற்று போதவில்லை, புதிது வாங்குங்கள் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கூட்டின் மேலிருந்த பெயின்ட்டைச் சுரண்டியபோது வார்ப்பிலேயே ஒரு அம்புக்குறி தெரிந்தது. விசிறி அதற்கு எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டாரை எப்போதோ ரீவைண்டிங் செய்தபோது ஃபேஸ் மாறியிருக்கிறது. இந்த வகை விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வழியில்தான் வரும், வேகம்தான் இருக்காது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு வயரை மாற்றிக் கொடுத்ததும் வறுத்த கொட்டை ஐந்து நிமிடத்துக்குள் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறுகிறது. ஆறத் தாமதமானால் கொட்டை ட்ரேயில் கிடந்தபடியே மேலும் வறுபட்டுவிடும் என்பதால் இது முக்கியம்.

பர்னரை கேஸுக்கு மாற்றும் வேலையை நான் தொடவில்லை, ஹோட்டல் அடுப்பு வேலை செய்பவரிடம் விட்டேன். 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர், வெளியே கூண்டுக்குள் நிற்கிறது. எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே சுவரின் அடியில் துளை விட்டிருக்கிறோம். ஜன்னல் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. எந்த மூட்டைக் கழற்றி மாட்டினாலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பற்றவைக்கிறோம்.

டிரம்முக்குள் இருந்த துருவைத் தேய்த்து எடுத்தேன், பெயின்ட் எதுவும் அடிக்கவில்லை. உணவு படும் இடத்தில் அடிக்கவே கூடாது. கறுத்ததும் உடைந்ததுமான, விலை குறைந்த பிபிபி கிரேடு கொட்டையை வாங்கிக் கறுக்கக் கறுக்க வறுத்துக் கொட்டினோம். புது தோசைக்கல்லைப் பழக்குவது மாதிரிதான். எண்ணெய்ப் படலம் ஏறி, இரும்பு வாடை போன பிறகுதான் நல்ல கொட்டையைப் போட்டோம்.

நல்ல கொட்டை என்றால் எங்களுக்கு ஏற்காடு. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் நட ஆரம்பித்த காபி, நமக்குப் பக்கத்திலேயே விளைகிறது. அரபிகா வகையில் பிளான்டேஷன் ஏ, பீபெரி என்ற இரண்டு கிரேடுகளையும் அங்கே வாங்குகிறோம். இன்னொரு வகையான ரோபஸ்டா குடகிலிருந்து வருகிறது. எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்துப் பிறகுதான் கலக்கிறோம். ரோபஸ்டாவும் அரபிகாவும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வராது, சேர்த்துப் போட்டால் ஒன்று கருகும் அல்லது ஒன்று பச்சையாக நிற்கும். பீபெரி உருண்டை என்பதால் டிரம்மில் சீராக உருண்டு அழகாக வறுபடும். 15 கிலோ டிரம்மில் 10 கிலோவுக்கு மேல் நான் போடுவதில்லை. நிறைத்தால் பர்னரும் காற்றும் திணறும்.

வறுபடும் கொட்டை முதன்முதலாகச் சத்தத்தோடு வெடிப்பதை முதல் வெடி என்பார்கள், அது 200 டிகிரியையொட்டி வரும் என்று படித்திருப்பீர்கள். என் மீட்டரில் 188 காட்டும்போதே பட்பட்டென்று வெடிக்க ஆரம்பித்துவிடும். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளின் முனை எவ்வளவு தூரம் கொட்டைக்குள் புதைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். அதனால் அடுத்தவர் மெஷின் எண்ணை நம்பாமல், காதையும் மூக்கையும் வைத்து உங்கள் மெஷினுக்கு உங்கள் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஈட்டுக்கும் நிமிடத்துக்கு நிமிடம் டிகிரியை நோட்டில் குறிப்பது என் மனைவிதான். எங்கள் கடையின் சுவை அந்த நோட்டில்தான் இருக்கிறது.

விலை போடும்போது எடைக் குறைவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 10 கிலோ போட்டால் எங்கள் வறுவலுக்கு 8.3 கிலோதான் வருகிறது. பச்சைக் கொட்டை கிலோ 500 ரூபாய் என்றால், வறுத்ததன் அடக்கம் 600-க்கு மேல். கேஸ், கரண்ட், கூலி எல்லாம் தனி. 2024-இல் ரோபஸ்டா லண்டன் சந்தையில் டன்னுக்கு 5000 டாலரைத் தாண்டியபோது, ஹைவேயில் டிகிரி காபி கடை வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர்கள் சிலர் சிக்கரியை ஏற்றி விலையைக் குறைக்கச் சொன்னார்கள். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சடிக்கவும் வேண்டும் என்பது சட்டம். நாங்கள் காபி-சிக்கரி அளவை வீடுகளுக்கு 80-20, ஹோட்டல்களுக்கு 60-40 என்று நிறுத்திக்கொண்டோம். சிலர் போனார்கள். போகட்டும். பாக்கெட்டில் அச்சடித்தது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்று விற்க எங்களால் முடியாது.

உரிமங்களில் பெரிய சிரமமில்லை. நான் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு போதும், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம், ஆன்லைனிலேயே முடிந்தது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். தராசுக்கு முத்திரை வாங்கிவிடுங்கள். புகைதான் கொஞ்சம் பாடுபடுத்தியது. பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட முடியவில்லை என்று வந்து சொன்னார், நியாயம்தான். புகைக்குழாயை மொட்டை மாடிக்கு மேல் நன்றாக உயர்த்தி, வறுவலைத் துணி காயாத நேரமான விடியற்காலைக்கு மாற்றிவிட்டோம். புகையிலிருந்து கொட்டைத் தோலைப் பிரிக்கும் சைக்ளோனில் சேரும் தோலை அவரே எருக்குழிக்கு வாங்கிக்கொள்கிறார்.

டிரம்முக்குள் தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதை மட்டும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்: கேஸை மூடு, காற்றை மூடு, டிரம் சுற்றட்டும், கதவைத் திறக்காதே. திறந்தால் காற்று புகுந்து தீ பெரிதாகும். இதுவரை அந்த நிலை வரவில்லை, ஞாயிறுதோறும் புகைக்குழாயைக் கழற்றித் துடைப்பதுதான் அதற்குக் காரணம் என்று நம்புகிறேன்.

இப்போது கையில் எடுத்திருப்பது ஒரு பழைய அரவை மெஷின். அதில் பார்க்க வேண்டியது தட்டுகள். பல் மழுங்கிய தட்டு கொட்டையை வெட்டாமல் நசுக்கும், தூள் சூடாகி வாசனை போய்விடும், டிகாஷனும் அடைத்துக்கொண்டு இறங்காது. பல் வெட்டித் தருகிறேன் என்று ஓசூரில் ஒரு பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தட்டுகள் அவரிடம்தான் இருக்கின்றன.