அந்த ஹதீஸை அங்கே சொல்லியிருக்கலாமா?

பேரீச்ச மரத்து ஹதீஸை (நபிமொழியை) டூல் பாக்ஸ் மீட்டிங்கில், அதாவது வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில், சொன்னது சரிதானா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை. சொன்ன விஷயத்தில் சந்தேகம் இல்லை. அது ஸஹீஹ் முஸ்லிம் என்ற நம்பகமான ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. சொன்ன இடத்தையும் சொன்ன ஆளையும் பற்றித்தான் இத்தனை யோசனை.

சவூதியின் யான்புவில் ஷட்டவுன் நேரம், பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தி வேலை செய்கிற நாட்கள். நியர் மிஸ் கார்டு, அதாவது நூலிழையில் தப்பிய விபத்தை எழுதிக் கொடுக்கும் அட்டை, வருவதே இல்லை. மேலிருந்து சாமான் விழுந்து யாருக்கும் அடிபடாவிட்டால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். எழுதிக் கொடுத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள், ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். சேஃப்டியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போஸ்டர் ஒட்டிப் பார்த்தோம், பரிசு அறிவித்துப் பார்த்தோம், ஒன்றும் அசையவில்லை. எதிரே நிற்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வெள்ளிக்கிழமை கிடைத்தால் பஸ் பிடித்து மதீனாவுக்குப் போய் வருகிறவர்கள். அதனால் ஒரு நாள் காலை மைக்கைப் பிடித்து மதீனாவிலிருந்தே தொடங்கினேன்.

நபிகள் நாயகம் (ஸல்) மதீனாவுக்கு வந்த புதிதில், தோட்டக்காரர்கள் ஆண் பாளையின் பூவை எடுத்துப் பெண் பாளைக்குள் வைப்பதைப் பார்த்தார்கள். இதனால் ஏதும் பயன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை என்றார்கள். மக்கள் அதை விட்டுவிட்டார்கள். அந்த முறை காய்ப்பு கெட்டுப்போனது. விஷயம் தெரிந்ததும் நபியவர்கள், நான் ஊகமாகத்தான் சொன்னேன், ஊகத்துக்காக என்னைப் பிடிக்காதீர்கள், அல்லாஹ்விடமிருந்து எதையாவது சொன்னால் அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். உங்கள் உலகக் காரியங்களை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்றும் ஓர் அறிவிப்பில் வருகிறது. இதைச் சொல்லிவிட்டு நான் சேர்த்த வாக்கியம் இதுதான்: "நபியுடைய கணிப்பே ஒரு முறை தவறியிருக்கிறது, அவர்கள் அதைச் சொல்ல வெட்கப்படவில்லை. நமக்கு ஒரு கார்டு எழுத என்ன வெட்கம்?"

உருதுவும் இந்தியும் கலந்த சைட் பாஷையில்தான் சொன்னேன். கூட்டம் அமைதியாக இருந்தது. நன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

மீட்டிங் முடிந்து கேபினில் உட்கார்ந்திருந்தபோது ஸ்காஃபோல்டிங் (சாரம் கட்டும்) ஃபோர்மேன் வந்தார். பாகிஸ்தானில் முல்தான் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் சாச்சா (சித்தப்பா). எனக்கும் சாச்சாதான். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். நான், "கதவு திறந்தே இருக்கட்டும் சாச்சா" என்றேன்.

அவர் கதவைத் திறந்து வைத்துவிட்டு, உட்காராமல் நின்றபடியே பேசினார். "பேட்டா (மகனே), அந்த ஹதீஸ் எனக்கும் தெரியும். எங்கள் மௌலவி சாஹிப் சொல்லியிருக்கிறார். அந்த மக்கள் ஒன்றிரண்டு வருஷம் பொறுத்திருந்தால் மரம் தானாகவே காய்த்திருக்கும், அவர்கள் அவசரப்பட்டார்கள் என்று."

அப்படி ஒரு விளக்கம் உண்டு என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஹதீஸின் சொற்களில் அதற்கு இடம் இல்லை என்றேன். ஊகம் என்று நபியவர்களே சொல்லியிருக்கும்போது, இல்லை, அது ஊகம் அல்ல என்று நாம் எப்படிச் சொல்வது?

"சரி, அவர்களே சொன்னார்கள். அவர்கள் தம்மைப் பற்றிச் சொன்னார்கள். நீ அவர்களைப் பற்றிச் சொன்னாய். உன் அத்தா உன்னிடம், நான் அன்று செய்தது தப்பு மகனே என்று சொன்னால், அதை நீ தெருவில் மைக் வைத்துச் சொல்வாயா? அதுவும் ஒரு காகிதத்தை நிரப்ப வைப்பதற்காகவா?"

நான் ஸஹீஹ் முஸ்லிம் என்று மறுபடியும் சொன்னேன். கிதாபில் இருப்பது எல்லோருக்காகவும்தானே இருக்கிறது என்றேன். அவர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டு ஆட்டியதா, போதும் என்று ஆட்டியதா, தெரியவில்லை. வாசலில் நின்று திரும்பி, "கதவை ஏன் திறந்து வைக்கச் சொன்னாய்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

எனக்குப் பயம் வந்தது, அதனால்தான். பாகிஸ்தானின் சியால்கோட்டில் 2021 டிசம்பரில் இலங்கைக்காரரான பிரியந்த குமாரவைக் கொன்றார்களே, அவரும் ஒரு தொழிற்சாலையில் மேலாளராக வேலை பார்க்கப் போனவர். சுவரிலிருந்து ஒரு போஸ்டரைக் கிழித்தார், அதில் புனிதப் பெயர் இருந்தது என்று சொல்லி, கூட வேலை செய்தவர்கள் உட்பட ஒரு கும்பல் அடித்து எரித்தது. சல்மான் தாஸீர் அந்த நாட்டின் பஞ்சாப் மாகாண ஆளுநராகவே இருந்தவர். மத நிந்தனைச் சட்டத்தை விமர்சித்ததற்காக 2011 ஜனவரியில் சொந்தக் காவலரின் கையாலேயே செத்தார். இதெல்லாம் தெரிந்த ஒருவன் கதவைத் திறந்து வைக்கச் சொன்னதில் என்ன அதிசயம்? அதே சமயம், என் முன்னால் நின்றது கும்பல் இல்லை. வெயிலில் மயங்கி விழுந்த நேபாளிப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதர். அவரிடம் என் பயத்தைக் காட்டிவிட்டேன். ஹதீஸைப் பற்றிய பேச்சைவிட அதுதான் அவரை அதிகம் புண்படுத்தியிருக்குமோ என்று தோன்றுகிறது.

நான் வளர்ந்த வீட்டில் நபி பிறந்த மாதமான ரபீஉல் அவ்வல் பிறந்தால், நபியின் புகழ் பாடும் சுப்ஹான மவ்லிது ஓதுவார்கள். அத்தா கண்ணை மூடி, மெல்ல அசைந்தபடி ஓதுவார். பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் மவ்லிதை ஏற்காத தவ்ஹீத் இயக்கத்தாரின் பயான்கள் (சொற்பொழிவுகள்) என்னை இழுத்தன. நபியும் மனிதர்தான் என்று அங்கே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 'நானும் உங்களைப் போன்ற மனிதன்தான்' என்று நபியே சொல்லும்படி கட்டளையிடுகிற குர்ஆனின் 18:110 வசனத்தை அங்கேதான் மனப்பாடம் செய்தேன். கண் தெரியாத இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்தபோது, குறைஷித் தலைவர்களிடம் பேசிக்கொண்டிருந்த நபியவர்கள் முகம் சுளித்துத் திரும்பிக்கொண்டதற்காக அல்லாஹ் கண்டித்து இறக்கிய 80ஆவது அத்தியாயத்தையும் அங்கேதான் பொருளோடு கேட்டேன். ஷியாக்களில் பலர், அங்கே முகம் சுளித்தது நபி அல்ல, வேறொருவர் என்பார்கள். ஸுன்னத் ஜமாஅத்தாரிடையே நபியைத்தான் குறிக்கிறது என்பதில் பெரிய தகராறு இல்லை. அது பாவம் அல்ல, மேலானதை விட்டு அடுத்ததைச் செய்தது என்று மட்டும் கவனமாகச் சொல்வார்கள். அந்த வசனங்கள் என் ஈமானை (இறைநம்பிக்கையை) குறைக்கவில்லை, கூட்டின. தன்னைக் கண்டிக்கிற வசனத்தைத் தன் வாயாலேயே மக்களுக்கு ஓதிக் காட்டிய ஒருவர் பொய்யராக இருக்க முடியாது என்பது அன்றைக்கு என் நெஞ்சில் விழுந்த எண்ணம். இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே, முஸ்லிமால் நபியின் தவறை ஒப்புக்கொள்ள முடியுமா என்று யாராவது கேட்டால் என் பதில் முடியும் என்பதுதான். தூதை எத்தி வைப்பதில் அவர்களுக்குத் தவறு நேராது என்பதில் உம்மத்தில் (முஸ்லிம் சமுதாயத்தில்) இரண்டு கருத்து இல்லை. உலகக் காரியத்தில், கணிப்பில், மறதியில் நேரலாம் என்று பெரிய பெரிய இமாம்களே எழுதியிருக்கிறார்கள். நேர்ந்தாலும் அதிலேயே நிலைக்க அல்லாஹ் விட்டுவிடமாட்டான் என்றார் மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா. 1149இல் இறந்த காழீ இயாழ், நபியின் கண்ணியத்தைக் காப்பதற்காகவே பெரிய நூல் எழுதியவர். அவர்கூட இந்தப் பேரீச்ச மர ஹதீஸை எடுத்துவைத்து, உலக விஷயத்தில் இப்படி நேர்வது குறையாகாது என்கிறார். சாச்சாவிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் அவர் கேட்டதற்கு அது பதிலாகாது. இமாம்கள் அதைக் கார்டு நிரப்ப வைப்பதற்காக எழுதவில்லை.

அப்புறம் நடந்ததுதான் என்னை முழுக்கக் குழப்பியது.

என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. நபியிடம் எந்தத் தவறையும் பார்க்க முடியாத ஆளால் தன் உஸ்தாதிடமும் (ஆசிரியரிடமும்), தன் தலைவனிடமும், கடைசியில் தன்னிடமும் தவறைப் பார்க்க முடியாது. தவறைச் சொல்லாத சைட்டுக்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். மைக்கில் சொல்லாவிட்டாலும் அந்த நம்பிக்கையோடுதான் பேசினேன். கொஞ்ச நாளில் ஹீட்டர் பக்கத்து ஸ்காஃபோல்டிலிருந்து ஒரு கிளாம்ப் கழன்று நடைபாதையில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. சாரம் பாதுகாப்பானது என்று காட்டும் பச்சை டேக்கில் சாச்சாவின் கையெழுத்து. விசாரிக்கக் கூப்பிடுவதற்கு முன்பே அவர் கார்டோடு வந்துவிட்டார். "கடைசித் தட்டுக்கு நான் ஏறவில்லை. முழங்கால் வலி. கீழிருந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். யார் மேலும் பழி போடவில்லை, முழங்காலையும் சாக்காகச் சொல்லவில்லை, ஏன் ஏறவில்லை என்று கேட்டதால்தான் அதைச் சொன்னார்.

அதே ஷட்டவுனில் ஒரு பம்புக்கு மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடாமல் ஆளை இறக்கிவிட்டார்கள். பொறுப்பு ஒரு இளம் எஞ்சினியருடையது. என் பேச்சைக் கேட்டுவிட்டு முதலில் கைகுலுக்கியவர் அவர்தான்; 'இப்படித்தான் தைரியமாகச் சொல்லணும், நபியும் மனிதர்தான்' என்றவர். விசாரணையில் பெர்மிட் காகிதத்தின் வரிசை எண், ஷிப்ட் மாறிய நேரம், எலக்ட்ரீஷியனின் ஆங்கிலம் என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்து அழகாகப் பேசி வெளியே வந்துவிட்டார். எச்சரிக்கைக் கடிதம் எலக்ட்ரீஷியனுக்குப் போனது. அறிக்கை எழுதும்போது உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. நானும் மனிதன்தான், உங்களில் ஒருவர் மற்றவரைவிட வாதத்திறமை உள்ளவராக இருக்கலாம், கேட்டதை வைத்து நான் தீர்ப்பளித்துவிடக்கூடும், அப்படி அடுத்தவர் உரிமையைப் பெற்றுக்கொண்டவர் நெருப்புத் துண்டைத்தான் பெற்றுக்கொள்கிறார்.

ஆக, நான் போட்ட கணக்கு இரண்டு பக்கமும் பொய்த்தது. நபியைக் குற்றமற்றவராக மட்டுமே பார்க்கத் தெரிந்தவர் தன் குற்றத்தைத் தயங்காமல் சொன்னார். நபியின் மனிதத் தன்மையை உரக்கச் சொன்னவர் தன்னுடையதைச் சொல்லவில்லை. இரண்டு பேரை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையும்கூட. ஆனால் சாச்சா கார்டை நீட்டியபோது என் முகத்தைப் பார்த்த பார்வையில், உன் ஹதீஸுக்காக இல்லை என்று ஒரு பேச்சு இருந்தது. அல்லது நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன். தேநீர் நேரத்தில் அவர் என் பக்கத்தில் உட்காருவது கேபினில் பேசிய அன்றோடு நின்றிருந்தது. தொழுகையில் மட்டும் எப்போதும்போல் தோளோடு தோள் சேர்த்து நிற்பார்.

பேச்சுக்கு வேறு உதாரணம் எடுத்திருக்கலாமோ என்றும் தேடியிருக்கிறேன். லுஹர் தொழுகையிலோ அஸர் தொழுகையிலோ நபியவர்கள் நான்கு ரக்அத்துக்கு (தொழுகைச் சுற்றுக்கு) பதில் இரண்டிலேயே ஸலாம் கொடுத்து முடித்துவிட்டார்கள். ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) அபூபக்ரும் உமரும் (ரலி) இருந்தார்கள். பேச அஞ்சி அவர்கள் வாய் திறக்கவில்லை என்று ஹதீஸே சொல்கிறது. கேட்டவர் துல்யதைன் என்று அழைக்கப்பட்ட ஒருவர்: "மறந்துவிட்டீர்களா, தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா?" மறக்கவுமில்லை, குறைக்கப்படவுமில்லை என்றுதான் முதலில் பதில் வந்தது. பிறகு நபியவர்கள் மற்றவர்களிடம், இவர் சொல்வது சரியா என்று விசாரித்தார்கள். ஆம் என்றதும் மீதியைத் தொழுது, மறதிக்காக இரண்டு ஸஜ்தா (சிரவணக்கம்) செய்தார்கள். சேஃப்டிக்கு இதைவிடப் பொருத்தமான சம்பவம் எனக்குத் தெரியாது. பெரியவர்கள் வாயடைத்து நிற்கிற இடத்தில் சாதாரண ஆள் கேட்கிறார். அந்தக் கேள்வியிலும் மரியாதை கெடவில்லை. பத்ர் போரின்போது ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) கேட்டதாக வரலாற்று நூல்களில் வருவதும் இதே மாதிரிதான்: இங்கே முகாமிட்டது அல்லாஹ்வின் கட்டளையா, உங்கள் யோசனையா? யோசனைதான் என்றதும், அப்படியானால் கிணற்றுப் பக்கம் போகலாம் என்றார். போனார்கள்.

இதைச் சொல்லியிருந்தால் சாச்சா வந்திருக்கமாட்டாரோ? வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நான் எந்த ஹதீஸை எடுத்தாலும் கடைசியில் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் வந்து சேர்ந்திருப்பேன். அவர் அதைத்தான் பிடித்தார்.

9:43 வசனத்தில் அல்லாஹ் நபியிடம், போருக்கு வராமல் தங்கிவிட்ட அவர்களுக்கு ஏன் அனுமதி கொடுத்தீர் என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கு முன்னால், அல்லாஹ் உம்மை மன்னித்துவிட்டான் என்று வருகிறது. மன்னிப்பு முதலில், கண்டிப்பு பிறகு. தஃப்ஸீர் (குர்ஆன் விரிவுரை) எழுதியவர்கள் இந்த வரிசையை நின்று ரசித்திருக்கிறார்கள். படைத்தவனே இப்படிப் பேசுகிறான் என்றால், என் வாக்கியத்தில் அந்த மென்மை இருந்ததா என்று யோசிக்கிறேன். அன்போடுதான் சொன்னேன், அது அல்லாஹ்வுக்குத் தெரியும். நின்று கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்குமா?

ஆனால் இதைச் சொல்லாமலேயே விட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். நபிக்கு மட்டும் என்று வைத்த காவலை மெல்ல மெல்ல ஹஜ்ரத்துக்கும் (மார்க்க ஆசிரியருக்கும்), ஜமாஅத் தலைவருக்கும், கடைசியில் ஃபோர்மேனுக்கும் வைத்துவிடுகிறோம். துல்யதைன் கேட்டதுபோல் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஒருவன் எழுந்து கேட்டால் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த ஹதீஸ்களைப் பேசாமல் மூடி வைப்பதுதான் மரியாதை என்பதை என்னால் ஏற்க முடியாது. சாச்சா அப்படிச் சொல்லவும் இல்லை. ஒரு காகிதத்துக்காகவா என்று கேட்டார், அவ்வளவுதான். காகிதத்துக்காக இல்லை, அந்த கிளாம்ப் ஒருவன் தலையில் விழாமல் இருப்பதற்காக என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை. அவர் ஒப்பந்தம் முடிந்து முல்தானுக்குப் போய்விட்டார். போகிற அன்று முஸாஃபஹா செய்தோம் (கைகொடுத்துக்கொண்டோம்), துஆ கேட்டுக்கொண்டோம், இந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

அடுத்த ஷட்டவுனுக்குப் புது ஆட்கள் வருகிறார்கள். முதல் நாள் பேச்சு என்னுடையது. துல்யதைன் சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறேன். அதன் கீழே என் சொந்த வாக்கியத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.