இரண்டு துறைகளுக்குப் பெயர் மாற்றிய அனுபவம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் மனையியல் துறையும் புள்ளியியல் துறையும் ஒரே கல்வியாண்டில் பெயர் மாற்றம் கேட்டன. கல்விப் பிரிவில் அந்த இரண்டு கோப்புகளையும் முதல் கடிதத்திலிருந்து ஆணை வரும்வரை பார்த்தது நான். இதே வேலை உங்கள் மேசைக்கும் வந்திருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மனையியல் கோப்பில் சிக்கல் இல்லை. குழந்தை வளர்ச்சி, ஊட்டச்சத்து, குடும்ப வள மேலாண்மை என்று பாடங்கள் எப்போதோ விரிந்துவிட்டன. பெயர் மட்டும் அடுப்படியிலேயே நின்றுபோயிருந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் தன் மனையியல் கல்லூரிக்கு 1969-லேயே மனிதச் சூழலியல் கல்லூரி என்று பெயர் வைத்துவிட்டது. முன்மொழிவில் அதையும் குறிப்பிட்டோம். யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

புள்ளியியல்தான் இழுத்தது. ‘புள்ளியியல் மற்றும் தரவு அறிவியல் துறை’ என்று அவர்கள் கேட்டதும் கணினி அறிவியல் துறையிலிருந்து ஆட்சேபக் கடிதம் வந்தது. அவர்கள் கவலையில் நியாயம் இருந்தது. மாணவர்கள் பெயரைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்கிறார்கள். புதிய ஆசிரியர் பணியிடமும் ஆய்வக நிதியும் அந்தப் பெயரின் பின்னாலேயே போகும். யேல் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறை 2017-இல் இதே பெயருக்கு மாறியதைப் புள்ளியியல்காரர்கள் எடுத்துக்காட்டினார்கள். வேறு எங்கோ நடந்ததைச் சொன்னால் பக்கத்துக் கட்டடத்தில் இருப்பவரின் கவலை தீருமா?

கடைசியில் கைகொடுத்தது பாடத்திட்டம். இரண்டு துறைகளின் தாள்களையும் ஒரே பட்டியலில் எதிரெதிரே எழுதி வைத்துப் பேசினோம். நிகழ்தகவு, மாதிரிக் கணக்கெடுப்பு, காலத்தொடர்ப் பகுப்பாய்வு எல்லாம் ஒரு பக்கம். தரவுத்தளம், மென்பொருள் வடிவமைப்பு, வலையமைப்பு எல்லாம் மறுபக்கம். இரண்டிலும் இருந்தது இயந்திரக் கற்றல் மட்டும்தான். அதை இரு துறைகளும் சேர்ந்து நடத்துவது என்று முடிவானது. ‘இந்தப் பெயரால் தரவு அறிவியலில் எந்தத் துறைக்கும் தனியுரிமை வராது’ என்று தீர்மானத்திலேயே எழுத வேண்டும் எனக் கணினித் துறைத் தலைவர் கேட்டார். எழுதினோம். அன்றே ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவ்வளவு நாள் நடந்த வாக்குவாதம் அந்த ஒரு வரியில் அடங்கியது.

அப்புறம் பாடத்திட்டக் குழு, புலக் குழு, கல்விப் பேரவை, ஆட்சிக்குழு என்று வழக்கமான படிகள். கூட்டத் தேதிகளுக்குக் காத்திருப்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். பெயர் எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது, ஏற்கெனவே சேர்ந்த மாணவர்களுக்கு என்ன ஆகும் என்ற இரண்டும் தீர்மானத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். துறையின் பெயர் வேறு, பட்டத்தின் பெயர் வேறு. துறை பெயர் மாறினால் பட்டமும் தானாக மாறிவிடாது. அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். இது மாணவர்களுக்குத் தெரியாது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் தன் மதிப்பெண் பட்டியலோடு வந்து, “முதல் வருஷம் ஒரு துறை, கடைசி வருஷம் வேற துறைன்னு இருந்தா வேலைக்கு எடுப்பாங்களா சார்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே ஒரு விதி சேர்த்தோம்: முன்பே சேர்ந்தவர்களின் மதிப்பெண் பட்டியலும் பட்டமும் பழைய பெயரிலேயே இருக்கும்.

கணினிப் பதிவுகளில் காட்டப்படும் பெயரை மட்டும் மாற்றினோம். துறைக் குறியீட்டையும் பாடக் குறியீடுகளையும் தொடவில்லை. குறியீடு மாறினால் பழைய தேர்வுப் பதிவு, கட்டணக் கணக்கு, ஆய்வுத் திட்டச் செலவு எல்லாவற்றின் தொடர்பும் அறுந்துவிடும். முத்திரை, கடிதத்தாள், பெயர்ப்பலகை போன்றவற்றைப் பொருள் பிரிவு பார்த்துக்கொண்டது. அறக்கட்டளைப் பரிசுகளை மட்டும் நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கொடையாளரின் பத்திரத்தில் ‘மனையியல் துறை மாணவிக்கு’ என்று இருந்தால், புதிய துறையே அதன் தொடர்ச்சி என்று ஆணையில் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பரிசு வழங்கத் தணிக்கையில் தடை வரும்.

தங்கள் கட்டுரைகளில் என்ன மாறும் என்று ஆய்வாளர்களும் கேட்டார்கள். ஆய்வு நிறுவனங்களை உலக அளவில் அடையாளம் காட்டும் ஆர்ஓஆர் (ROR) எண் நிறுவனத்துக்குத்தான், துறைக்குக் கிடையாது. அதனால் அங்கே எதுவும் மாறாது. வெளியான கட்டுரைகளில் பழைய பெயர் அப்படியே இருக்கும். இனி எழுதும் கட்டுரைகளில் எல்லோரும் ஒரே வடிவத்தில் புதிய பெயரைப் போட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினோம்.

என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி பழைய மாணவர்கள். பெயர் மாறிய பிறகு, சான்றிதழ் சரிபார்க்கும் நிறுவனம் ஒன்று, ‘இப்படியொரு துறை உங்கள் இணையதளத்தில் இல்லையே’ என்று எழுதியது. பல வருடங்களுக்கு முன் நேர்மையாகப் படித்து முடித்தவரின் பட்டத்தை ஒருவர் சந்தேகிக்க நாமே இடம் கொடுக்கலாமா? ஆணை எண், தேதி, பழைய பெயர், புதிய பெயர் நான்கும் கொண்ட ஒரு பக்கச் சான்றைப் பதிவாளர் கையொப்பத்தோடு தயாரித்தோம். துறையின் இணையப் பக்கத்தில் பெயர் வரலாற்றையும் போட்டோம். கேம்பிரிட்ஜில் 1937-இல் கணித ஆய்வகமாகத் தொடங்கியது 1970-இல் கணினி ஆய்வகமாகி, 2017-இல் கணினி அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறையானது. அதுபோல ஒவ்வொரு பெயரும் ஆண்டோடு இருந்தால் போதும். அந்தப் பக்கத்தின் முகவரியைச் சரிபார்ப்புப் பிரிவின் பதில் கடிதத்திலேயே அச்சிட்டுவிட்டோம். இப்போது அப்படிக் கேட்டு வரும் கடிதங்களுக்கு அன்றைக்கே பதில் போய்விடுகிறது.