31ஆவது விநாடி

கொஞ்ச நாள் முன்பு என் கண்ணெதிரே ஒரு பைக் சறுக்கியது. ஓட்டியவர் எழுந்திருக்கவில்லை. உடனே போனை எடுத்தேன். ஆம்புலன்சை அழைக்கத்தான் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் திறந்தது கேமராவை. 47 விநாடி. சட்டை கிழிந்து கிடந்தவரின் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது.

பத்துப் பேராவது நின்றிருப்போம். ஒரு பெண்மணி மட்டும் தன் சால்வையை எடுத்து, அவருக்கும் எங்களுக்கும் நடுவே திரைபோலப் பிடித்தார். மறைக்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்தது. (எழுதவே கூசுகிறது.)

"இந்தப் பக்கம் வராதீங்க, டிராஃபிக்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டேன். ஒரு வாரம் கழித்து வேறொரு குழுவிலிருந்து அது எனக்கே வந்து சேர்ந்தது, யாரோ சோக இசை சேர்த்து. அவர் வீட்டாருக்கு முதலில் போய்ச் சேர்ந்தது போன் அழைப்பா, இந்த வீடியோவா?

நண்பனிடம் புலம்பினேன். "யாருமே எடுக்கலன்னா ஜார்ஜ் ஃபிளாய்ட் விஷயம் வெளிய வந்திருக்குமா?" என்றான். சரிதான். 2020 மே 25, அமெரிக்காவின் மினியாபொலிஸ். போலீஸ்காரர் ஒருவர் கழுத்தை முட்டியால் அழுத்தியதில் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் இறந்தார். ஏதோ உடல்நலக் கோளாறில் இறந்ததுபோலத்தான் போலீசின் முதல் அறிக்கை சொன்னது. 17 வயது டார்னெல்லா ஃப்ரேசியர் எடுத்த வீடியோ அதைப் பொய்யாக்கியது. அந்தப் பெண்ணே பிறகு நீதிமன்றத்தில், அவரைக் காப்பாற்ற இன்னும் ஏதாவது செய்திருக்கலாமே என்று இரவெல்லாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அவ்வளவு செய்தவருக்கே அந்த உறுத்தல்.

அந்தப் பெண்ணின் கேமராவில் கழுத்தை முட்டியால் அழுத்தியவர் இருந்தார். கணக்குக் கேட்க ஓர் ஆள் இருந்தார். நான் எடுத்ததில் யார் இருக்கிறார்? வழுக்கிய சாலையும் வலியில் ஒரு மனிதரும்.

ஜெர்மனியில் 2021 முதல், இறந்தவரை இழிவாகக் காட்டும் விதத்தில் படமெடுத்தால் 2 ஆண்டு வரை சிறை. சட்டத்தால் எல்லாம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் அப்படியொன்று தெரிந்திருந்தால் என் கை ஒரு நொடி தயங்கியிருக்கும். அந்த ஒரு நொடியில் ஆம்புலன்ஸ் நினைவுக்கு வந்திருக்கலாம்.

என் போனிலிருந்து அழித்துவிட்டேன். குழுவில் எல்லோருக்கும் சேர்த்து அழிக்கும் கெடு தாண்டிவிட்டது. அழிக்கும் முன் ஒருமுறை பார்த்தேன். அந்தச் சால்வை 31ஆவது விநாடியில்தான் வருகிறது. இசை சேர்த்தவர் 30லேயே வெட்டியிருக்கிறார்.